பாதியில் நின்ற வண்டியும் பாதி சொன்ன மெய்யும்

ஒருவன் உரைக்கும் சொல் ஒவ்வொன்றும் மெய்யாயிருக்க, அவன் பொய்யனாதல் கூடுமோ? முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதிநூல் கற்பித்த காலத்தில் இவ்வினாவை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இல்லாததை உண்டென்பது பொய். உள்ளதை உள்ளவாறு உரைப்பது மெய். இவ்வளவே என் கணக்கு. ஓய்வு பெற்றபின், ஓடாத மோட்டார் வண்டி ஒன்றை விற்கப் புகுந்தபோதுதான் இவ்வினா என் வாசற்படியில் வந்து அமர்ந்தது. வண்டி விற்ற கதையில் அற ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். பெரும் பொய் சொல்லும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டுவதே இல்லை. நம் சீலம் சோதிக்கப்படுவது பெரும்பாலும் வீட்டு முற்றத்தில், சில ஆயிரம் ரூபாய்ப் பேரத்தில்தான். ஆதலின் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இளைய வாசகர் பலர் இதனைக் கண்டிருக்க மாட்டார்கள். 1960களில் நம் நாட்டில் செய்து விற்கப்பட்ட கார்கள் பெரும்பாலும் மூன்றே: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. மூன்றும் அயல்நாட்டு உருவங்களே. ஹெரால்டு, இங்கிலாந்து நாட்டு டிரையம்ப் ஹெரால்டின் வழி வந்தது. இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்த வடிவம். 1961 முதல் சென்னையில் உருவாயிற்று. 948 சி.சி. இஞ்சின். மற்ற இரு வண்டிகளுக்கும் உடலே எலும்புமாகும். இதற்கோ தனியே ஓர் அடிச்சட்டம், அதாவது சேசிஸ், உண்டு. அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாக வைத்துப் போல்ட்டு முடுக்கியிருப்பார்கள். முன்புறத்து மட்கார்டுகள் இரண்டும் பானெட்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இந்த அமைப்பே என்னை மயக்கியது. இவ்வளவு எளிதாகக் கழற்றக்கூடிய வண்டி வேறில்லை என்று கேள்விப்பட்டேன். கழற்றுவது எளிதாயின் பூட்டுவதும் எளிதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

2008ஆம் ஆண்டு, கோலார் தங்கவயல் இராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டின் பின்புறம், புளியமரத்தடியில், சக்கரங்கள் மண்ணில் புதைய அது நின்றிருந்தது. மைசூர் மாநிலம் 1973இல் கர்நாடகம் எனப் பெயர் மாறுவதற்கு முன் பதிவான வண்டி. 1967ஆம் ஆண்டுப் பதிவு. அவ்வீட்டாருக்கு இடம் வேண்டியிருந்தது. எனக்கு வண்டி வேண்டியிருந்தது. ரூ. 35,000 கொடுத்து, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தேன்.

என் துணிவுக்குக் காரணம் பக்கத்து வீட்டு அண்ணன். சுரங்கத்தில் நிலத்தடிப் பம்பு பிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தோருள் ஒருவர். அத்தகைய தேர்ந்த கைகள் தங்கவயலில் அன்று ஏராளம். விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய், காவற்காரராகவும் கட்டட வேலையாளாகவும் தேய்ந்தவை அவற்றுள் பல. அண்ணன் போகவில்லை. "வாத்தியாரே, ஓடாத பொருளைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது" என்பார். காசு என்னுடையது, வேலை அவருடையது, வண்டி ஓடி விலை போனால் ஆளுக்குப் பாதி என்று வாய்ச்சொல்லாகவே ஓர் உடன்படிக்கை. எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்கும் வழக்கமும் எங்கள் தெருவில் இல்லை.

மூன்று திங்களில் வண்டி முழுவதும் கழன்றது. போல்ட்டுகளும் வாஷர்களும் பால்மாவுத் தகரங்களில் அடைந்தன; ஒவ்வொரு தகரத்துக்கும் ஓர் எண்; அவ்வெண்களுக்கு அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் விளக்கம் எழுதிவைத்தார். இஞ்சினைப் பெங்களூர் ஜே.சி. சாலைக்கு எடுத்துச் சென்று சிலிண்டர் போரிங் செய்து, புது பிஸ்டன் போட்டு வந்தோம். கோடையில் சயனைடு மண்மேடுகளிலிருந்து பறந்து வரும் வெண்துகள் எதன்மேலும் படியும் ஆதலால், அதனைப் பழைய போர்வையால் சுற்றி என் படிப்பறையிலேயே வைத்தோம். சேசிஸின் இடப்பக்கத்துக் கைகள் துருவேறி உதிர்ந்திருந்தன. அண்ணன் புதுத்தகடு வெட்டிப் பற்றவைத்தார். அந்த வேலை முடிந்த பிறகு ஒரு மாலை, நூல் கொண்டு மூலைக்கு மூலை அளந்தார். மறுமுறையும் அளந்தார். இரண்டு அளவுக்கும் பதினொரு மில்லிமீட்டர் வேற்றுமை. எப்பொழுதோ முன்பக்கம் பலமாக இடிபட்டிருக்கிறது. "இதை நேராக்காமல் மேலே ஏற்றினால், வாத்தியாரே, கதவு சேராது. சேர்ந்தது போலத் தெரியும், ஆனால் சேராது" என்றார். நோட்டில் அளவைக் குறித்து அடிக்கோடிட்டார்.

அதற்குமேல் வேலை நடக்கவில்லை. அண்ணனுக்கு மூச்சுவாங்கல் முற்றியது. சுரங்கத்துப் பாறைத்தூள் நுரையீரலில் தங்கி உண்டாகும் சிலிகோசிஸ் நோயை எங்கள் ஊரில் அறியாதார் இல்லை. 2013இல் அவர் மறைந்தார். வெற்றுச் சேசிஸ் மீண்டும் துருப்பிடிக்கக் கூடாதே என்று, அடுத்த மழைக்கு முன் அதனை நானே உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இரண்டு பூச்சுக் கறுப்பு வண்ணம் அடித்தேன். அப்பொழுது விற்கும் எண்ணம் எனக்கு அணுவளவும் இல்லை. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பின்வந்த பத்தாண்டுகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருவோரிடம் போர்வையை விலக்கி இஞ்சினைக் காட்டுவேன். "முக்கால் பங்கு முடிந்தது, இன்னும் கொஞ்சந்தான்" என்பேன். 2014இலும் இன்னும் கொஞ்சந்தான்; 2020இலும் இன்னும் கொஞ்சந்தான். பழைய வண்டி புதுப்பிக்கும் வேலையில் இறங்கியோர் அனைவரும் இக்கணக்கை அறிவார்கள். கண்ணுக்குத் தெரியும் பெரிய பொருள்கள் முதலில் முடிந்துவிடும். எஞ்சி நிற்பவை கண்ணாடி ரப்பர், கதவுத் தாழ்ப்பாள், வயரிங், பிரேக் குழாய், எந்தத் தகரத்திலும் அகப்படாத ஒரே ஒரு கிளிப்பு. காலமும் காசும் அவற்றில்தான் கரையும். எண்ணிக்கையில் கால் பங்காகத் தெரிவது உழைப்பில் முக்கால் பங்கு. இதை அறிந்திருந்தும் நான் அப்படிச் சொல்லிவந்தேன். முதலில் அதனை நம்பிய ஆள் நானே. தனக்குச் சொல்லி நன்கு பழகிய பொய்யை ஒருவன் பிறருக்குச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழுவதில்லை.

2023இல் மகன் வீட்டோடு பெங்களூருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அங்கே முற்றம் இல்லை. விற்பது என்று முடிவு செய்தேன். பெங்களூர் வியாபாரி ஒருவர் விளக்குகள், முன்பக்கத்துக் கிராதி, கியர்பாக்சு, இஞ்சின் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடலாம் என்றார். நல்ல விலையும் சொன்னார். மனம் ஒப்பவில்லை. அது அறம் அன்று, வெறும் பற்று என்பதை இப்போது அறிவேன்.

பிறகு ஓர் இளைஞர் வந்தார். பெங்களூரில் மோட்டார் பட்டறை ஒன்றில் வேலை. மாதச் சம்பளம் வாங்குபவர். அவருடைய தாத்தா இத்தகைய வண்டி ஓட்டும் டிரைவராக இருந்தாராம். இஞ்சினைப் பார்த்தார், எண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார், தகரங்களைப் பார்த்து வியந்தார். இறுதியில் முற்றத்தில் தார்ப்பாயை நீக்கிச் சேசிஸைக் கண்டார். கறுப்பு மின்னியது. அவர் குனிந்து கையால் தடவி, "சேசிஸ் வேலை முடிந்துவிட்டதா சார்? அது போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

நான் சொன்ன விடை: "அதற்குத்தான் எங்களுக்கு அதிகக் காலம் ஆயிற்று."

இதில் எந்தச் சொல் பொய்? ஒன்றும் இல்லை. மெய்யாகவே அதற்குத்தான் அதிகக் காலம் ஆயிற்று. விலை ரூ. 85,000 எனப் பேசி முடித்தோம், ரூ. 10,000 முன்பணமாகத் தந்து, இரண்டு வாரத்தில் லாரியோடு வருவதாகச் சொல்லிச் சென்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாயிருக்கும். ஆனால் நன்றாகவே உறங்கினேன். காலையில் அண்ணியிடம் சென்று, அவர் பங்கு நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் தகரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபோது அண்ணனின் நோட்டுப் புத்தகம் கைக்கு வந்தது. பதினொரு மில்லிமீட்டர், அடிக்கோட்டுடன், பென்சில் எழுத்தில். அந்த நோட்டு இல்லாமல் தகரங்களின் எண்களுக்குப் பொருள் கிடையாது. வாங்குபவருக்கு அது வண்டியின் ஓர் உறுப்பே. ஆயினும் என் கை அதனைப் பெட்டியில் வைக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடியது. மூடிய ஓசை கேட்டபிறகுதான் என் கை செய்ததை நான் கண்டேன். இரண்டு நாள்களாக நான் பொய் சொல்லவில்லை என்று என் அறிவு வாதாடிக்கொண்டிருந்தது. மறைக்கவேண்டியது எது என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

வழக்கறிஞரான நண்பர் ஒருவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். மோசடி இன்னதென வரையறுக்கும் பிரிவு அது. செய்தி ஒன்றைச் சொல்லாது வாளா இருத்தல் மட்டுமே மோசடி ஆகாது. பேசவேண்டிய கடமை உள்ள இடத்திலும், மௌனமே பேச்சுக்கு நிகராகும் இடத்திலும்தான் அது மோசடி ஆகும் என்பது அதன் சாரம். விளக்கத்துக்கு ஒரு குதிரையைக் காட்டியிருக்கிறார்கள். நோயுள்ள குதிரை என்று அறிந்தும் ஒருவன் அதனை ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி அன்று. வாங்குபவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் வயது நிரம்பியவள் என்றால், சொல்லவேண்டிய கடமை உண்டு. வாங்குபவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரைக்குக் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன்' என்கிறான். விற்பவன் பேசாதிருக்கிறான் என்றால், அம்மௌனம் பேச்சே ஆகும். "பொருளைப் பார்த்து வாங்கவேண்டியவர் அவர். அவரோ பட்டறைக்காரர். நூல் பிடித்து அளந்திருக்கலாமே" என்றார் நண்பர். சட்டப்படி என் நிலை ஓரளவு பாதுகாப்பானது என்பது அவர் முடிவு.

எனக்கு அம்மகளைப் பற்றிய விளக்கமே உறுத்தியது. மகளிடம் சொல்லவேண்டிய மெய்யை, அயலானிடம் சொல்லவேண்டியதில்லை என்று சட்டம் வகுப்பது ஏன்? சட்டத்தைப் பழிக்கவில்லை. ஆயிரம் சந்தைகளில் அன்றாடம் நடக்கும் வாணிகத்தை அது நடத்திச் செல்ல வேண்டும். விற்பவர் சொல்லாத ஒவ்வொரு குறைக்கும் வழக்கு என்றால் நீதிமன்றம் தாங்காது. ஆனால் உறவு உள்ள இடத்தில்தான் வாய்மை கடமை என்றால், எல்லா உயிரிடத்தும் அன்பு என்று நாம் நாள்தோறும் சொல்வது எதற்கு?

இவ்வழக்கு பழையது. கி.மு. 44இல் உரோமானியரான சிசரோ தம் மகனுக்கென எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இதனை விரிவாக ஆராய்கிறார். குறையுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்லவேண்டுமா? டயோஜெனஸ் என்னும் பாபிலோனிய ஆசிரியர், வாங்கும்படி அவன் யாரையும் வற்புறுத்தவில்லையே, சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு என்று வாதிடுகிறார். அவர் மாணவர் அந்திப்பேட்டர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதினும் இது கொடிது என்கிறார். சிசரோ மாணவர் பக்கமே சாய்கிறார். உனக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்வது யாருக்கு நலமோ, அவருக்கு அது தெரியாமலிருக்க வேண்டும் என்று உன் ஆதாயத்துக்காக நீ விரும்பினாயானால், அதுவே மறைத்தல் என்பது அவர் கருத்து. இழுப்பறை மூடிய ஓசை எனக்கு மறுபடியும் கேட்டது.

பொய்யுரை சீலக்கேடு ஆவதற்கு நம் உரையாசிரியர்கள் நான்கு உறுப்புகளைக் கூறுவர்: பொருள் உண்மையல்லாததாய் இருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்கேற்ற முயற்சி, கேட்பவர் அதனை அவ்வாறே கொள்ளுதல். முதல் உறுப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்க முயன்றேன். என் சொல் உண்மைதானே என்று. ஆனால் அங்கே பொய்யாக நின்ற பொருள் என் சொல் அன்று. 'சேசிஸ் வேலை முடிந்துவிட்டது' என்ற அவருடைய எண்ணம். அதனை நான் உண்டாக்கவில்லை. கறுப்பு வண்ணம் உண்டாக்கியது. வண்ணம் அடித்த நாளில் அது துருவுக்குப் பகையேயன்றி மெய்க்குப் பகை அன்று. பத்தாண்டு கழித்து ஒருவர் அதன்மேல் கைவைத்து, முடிந்துவிட்டதா என்று கேட்ட நொடியில் அது பொய்யின் பூச்சாக மாறிற்று. நான் வாய் திறந்திருந்தால் மாறியிராது. எஞ்சிய மூன்று உறுப்புகளும் என்னிடம் குறைவின்றி இருந்தன.

இன்னொன்றும் எண்ணினேன். மிலிந்த மன்னன் தேரில் வந்தான். நாகசேனர் அவனிடம் எது தேர் என்று கேட்டு, அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாக நீக்கி, உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று காட்டினார். நம் கூட்டங்களில் பலமுறை விளக்கப்பட்ட உவமை. ஆனால் உறுப்புகள் கூடாமல், தகரங்களிலும் போர்வையிலும் முற்றத்திலும் கிடக்கும்போது, அப்பெயரை எதற்காக வழங்குகிறோம்? விலைக்காக. 'ஹெரால்டு' என்ற பெயரைச் சொன்னவுடன் வாங்குபவர் மனத்தில் ஓடும் வண்டி ஒன்று எழுந்து நிற்கிறது. அதற்கே அவர் பணம் தருகிறார். பாதியில் நின்ற பொருளை விற்பவன், இரும்போடு சேர்த்து, வாங்குபவரின் கற்பனையையும் அவருக்கே விற்கிறான். கற்பனை கூடாதென்பதில்லை, அஃதின்றி எந்தப் பழைய வண்டியும் மீண்டும் ஓடியதில்லை. ஆனால் அது எங்கே இடறும் என்று தெரிந்தவன் விற்பவன் ஒருவனே. ஆகவே, 'நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்பதற்கான விடையைக் கேளாமலே தருவது அவன் கடன் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இடமில்லை என்பது நான் விற்கும் காரணம். அண்ணன் இறந்ததும் பதினொரு மில்லிமீட்டரும் நான் விட்ட காரணம். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விழுங்கியிருந்தேன்.

இதே போல் 'வின்டேஜ்' என்னும் சொல்லையும் விலையோடு சேர்த்து விற்போர் உண்டு. 2021இல் மத்திய அரசு இதற்கெனத் தனி விதிகள் வகுத்தது: ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவில் பேணப்பட்டு, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியாக இருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு ரூ. 20,000, பத்தாண்டு செல்லும், அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது. மாநிலக் குழு ஒன்று வண்டியைப் பார்த்து ஒப்ப வேண்டும். தகரங்களில் கிடப்பதை எந்தக் குழு பார்க்கும்? இளைஞரிடம் நான் இதைப் பற்றி ஒன்றும் உறுதி கூறியிருக்கவில்லை. அந்த அளவில் நன்று.

மறுபக்கமும் ஒன்று உண்டு. மகன் சொன்னான்: "அப்பா, நீங்கள் உங்கள் மனத்தைக் கழுவிக்கொள்வதற்கு அவரைத் தண்ணீராகப் பயன்படுத்துகிறீர்கள்." சினம் வந்தது, ஆனால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. சிறு கீறல் முதல் கிளிப்பு வரை எல்லாக் குறைகளையும் அடுக்கி, கேட்பவரை அச்சுறுத்தி, 'எவ்வளவு நேர்மையாளர்' என்று பெயர் வாங்கும் விற்பனையும் உலகில் உண்டு. அதுவும் ஒரு சரக்கே. ஆதலின் ஒன்றை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்: அவர் முடிவை மாற்றக்கூடியது எதுவோ, அது.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். இதுவே எனக்கு எல்லாவற்றினும் கடினமாயிருந்தது. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விலை குறையலாம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, மெய் சொல்வது உங்கள் பாடு. அதற்கு என் பங்கிலேயும் கழிப்பீர்களா? பேத்திக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டும் என்று நேற்றுத்தான் சொல்லிவைத்தேன்" என்றார். என்னிடம் விடை இல்லை. மெய் சொல்வதற்குரிய செலவை நானே ஏற்பேன் என்று நினைத்திருந்தேன். அதில் சரிபாதி இன்னொருவர் தலையில் விழும் என்பதை நினைக்கவில்லை. பொய்யால் பிறர் கெடுவதைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம். ஒருவன் காலம் கடந்து பேசும் மெய்யாலும் பிறர் கெடலாம் என்பதை அண்ணியின் முற்றத்தில் கண்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் காதில் நாற்பத்திரண்டாயிரம் என்ற எண் விழுந்தே இராது.

இளைஞருக்குத் தொலைபேசியில் சொல்லாமல், நேரில் வரும்படி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். நோட்டை அவர் கையில் கொடுத்து, அடிக்கோட்டைக் காட்டினேன். நூலின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து அளந்தோம். பதினொன்றுதான். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முன்பணம் வாங்குவதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டார்.

"தெரியும். சொன்னால் விலை குறையும் என்று சொல்லவில்லை."

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போய்விட்டார். பத்தொன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. அந்நாள்களில் என் உள்ளம் அமைதியுற்றது என்று நான் சொல்லமாட்டேன். வீடு காலி செய்யும் நாள் நெருங்கிற்று. வியாபாரியின் எண்ணை இரண்டு முறை தேடினேன். வாய் திறந்திராவிட்டால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்குமே என்று ஒருமுறையல்ல, பலமுறை நினைத்தேன்.

இருபதாம் நாள் பெங்களூரிலிருந்து வயது முதிர்ந்த டிங்கர் ஒருவரோடு அவர் வந்தார். முதியவர் சேசிஸின் கீழே படுத்துப் பார்த்து, நேராக்கலாம், ஆனால் கைவேலை நிறைய என்றார். ரூ. 48,000 என்று விலை சொன்னார்கள். நான் பேரம் பேசவில்லை. பேசும் தகுதியும் எனக்கு இல்லை. உரிமை மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டேன். தகரங்களை எண் வரிசைப்படி அவரே ஏற்றினார். நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பானெட்டு மட்டும் அன்று லாரியில் அடங்கவில்லை. மறு ஞாயிறன்று வேறொரு வண்டி கொண்டுவந்து எடுத்துச் சென்றார்.

அண்ணியிடம் முதலில் சொன்ன தொகையே, நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு, கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "எண்பத்தைந்துக்கே போயிற்றா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சநேரம் நோட்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே சென்று, பணத்தை வைத்துவிட்டு, காப்பி கொண்டுவந்தார்.